வராதய்யா கெணறு

உள்ள வா தம்பி, உள்ள வா. தலையில இருக்கிற மண்ணத் தட்டிட்டு அந்த மூடை மேல உக்காரு. மொளகா வத்தல் மூடைதான், தும்மல் வந்தாத் தும்மிக்கோ. லாரிய இப்ப எடுக்க முடியாது. இந்தக் காத்துல தார்ப்பாயக் கட்டப் போனா தார்ப்பாயோட சேந்து நீயும் போயிருவ. கிட்டங்கிக் கதவச் சாத்திட்டு எல்லாரும் இப்படி உக்காந்திருப்போம்.

மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எனக்குத் தெரியும். புழுதிக்குள்ள கண்ணு தெரியாம ஓடியாந்த. நாலு பக்கமும் இருந்து சனம் "வராத! வராத!"ன்னு கத்துச்சு. ஒதுங்க எடம் தேடி வர்றவனப் பாத்து இப்படியா கத்துவாக, இது என்ன ஊரு, மனுசன் இருக்கிற ஊருதானான்னு உனக்குக் கோவம். இருக்கட்டும், கோவப்படு. மொத மொத இந்தச் சத்தத்தக் கேட்டப்ப எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க அய்யா வீட்டுக்கே போயிரலாமான்னு பாத்தேன்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. பொறந்தது ஆத்துக்கரை. அங்கெல்லாம் காத்துன்னா சாயங்காலம் துண்ட விரிச்சுப் படுக்கிறதுக்கு வர்ற காத்து. இங்க வந்துதான் காத்துக்கு இப்படி ஒரு மூஞ்சி இருக்குன்னு பாத்தேன்.

உன்னய யாரும் வெரட்டல தம்பி. நீ மொதல்ல ஓடுன பக்கம் என்ன இருக்கு தெரியுமா? அப்புறமாக் காட்டுறேன். இப்ப காத்து அடங்குற வரைக்கும் கத இருக்கு. எங்க அத்தை எனக்குச் சொன்னது. அவுகளுக்கு அவுக மாமியா சொன்னது. கேளு. நீங்களும் கேளுங்கப்பா, மூடை தூக்குற ஆளுகளா, பீடிய மட்டும் அணைச்சிருங்க.

இந்தக் கரிசக்காட்டுல ரோடு கெடையாது, கரண்டு கெடையாது, கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு நெழலுன்னு ஒதுங்க ஒத்த மரம் கெடையாது, அப்படி ஒரு காலம் இருந்துச்சாம். அந்தக் காலத்துல இதே முள்ளிக்கரிசல்ல மாடக்கண்ணுன்னு ஒருத்தரு இருந்தாராம். எங்க வீட்டுக்காரரு வம்சத்துல மூத்தவரு. பேச்சு கம்மியாம். ஆனாக் குரலு இருக்கே, இங்கன நின்னு ஒரு சத்தம் குடுத்தா அடுத்த ஊர்ல உழுதுக்கிட்டு இருக்கிறவன் மாட்ட நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்பானாம். அப்படிக் குரலு.

அவருக்கு ஆனி மாசம் கல்யாணம் நடந்துச்சு. பொண்ணு பேரு ஆவுடை. அவளும் ஆத்துக்கரைக்காரி, என்னய மாதிரி. வந்து ஒரு மாசம் ஆகல, ஆடிக் காத்து ஆரம்பிச்சிருச்சு. வெளிய காலு வச்சா சேலையப் பிடிச்சு இழுக்குது. கண்ணுல மண்ண வாரிப் போடுது. புள்ள பயந்து போயி மூலையில உக்காந்து அழுதாளாம்.

மாடக்கண்ணு சிரிச்சாராம். "எதுக்குளா அழுற? ஊரு கிழக்க இருக்கு, காடு மேற்க இருக்கு. காத்து மேற்க இருந்து வருது. முதுக அதுகிட்டக் குடுத்துட்டு நட. கண்ண மூடிக்கிட்டாலும் உன்னயக் கொண்டாந்து ஊர்ல விட்டுரும்."

"நெசமாவா?"

"நாளைக்குச் செஞ்சு பாரு."

மறுநா காட்டுல இருந்து வரையில முந்தானைய தலையோட போத்தி, கண்ண இறுக்க மூடிக்கிட்டு, முதுகுல காத்த வாங்கிக்கிட்டு நடந்தாளாம் ஆவுடை. நடந்தா, நடந்தா, நேரா வந்து எங்க மந்தையில கெடந்த எருமைமாட்டு மேல முட்டிக்கிட்டாளாம். ஊரே சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. "உங்க ஊர்ல வழி கேக்க ஆளே வேண்டாம் போங்க, காத்தக் கேட்டாப் போதும்"னாளாம்.

அதுல இருந்து அவளுக்குப் பயம் போச்சு. ஆடி போச்சு, ஆவணி போச்சு. மழை பேஞ்சுச்சு, வெதச்சாக, களையெடுத்தாக, தை வந்துச்சு, பருத்தி வெடிச்சுச்சு. அப்புறம் சித்திரை வந்துச்சு.

இப்ப நல்லாக் கேட்டுக்கோ தம்பி. ஆடிக் காத்து வேற, சித்திரக் காத்து வேற. ஆடிக் காத்து தெனமும் வர்ற மோர்க்காரி மாதிரி. வர்ற பக்கமும் தெரியும், வர்ற நேரமும் தெரியும். சித்திரக் காத்து குடிச்சிட்டு வர்ற மச்சான் மாதிரி. எந்தப் பக்கம் இருந்து வருவான், எந்தப் பக்கம் திரும்புவான், எதத் தூக்கி அடிப்பான்னு அவனுக்கே தெரியாது. கோடை மேகத்துக்கு முன்னாடி எறங்குற காத்து அது. அது வந்தா இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் ஓட மாட்டான். மேகத்தப் பாத்ததுமே வீட்டுக்குப் போயிருவான். காட்டுல மாட்டிக்கிட்டா, இருந்த எடத்துல குந்திருவான். தலையில துண்டப் போட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி குந்திருவான். பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும் இது.

எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிஞ்சதுனாலயே ஒருத்தரும் ஆவுடைகிட்டச் சொல்லல. பெத்த தாயி பாலு குடுக்கையிலயே சேத்துக் குடுத்த புத்தி மாதிரி நெனச்சிட்டாக. மாடக்கண்ணும் சொல்லல. சொல்லணும்னே அவருக்குத் தோணல.

அன்னைக்கு அப்படி ஒரு வெயிலாம். உச்சி சாஞ்சும் அனல் கொறையல. காத்து செத்துப் போச்சு. ஒரு எலை ஆடல. மாடு ரெண்டும் தண்ணிகூடக் குடிக்காம மூக்க ஒசத்தி ஒசத்தி மோந்துக்கிட்டு நின்னுச்சாம். ஆவுடை மொளகாப் பழம் பறிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு மேற்க கெணறு. கெணத்துக்கு அந்தப் பக்கம் மாடக்கண்ணு மாட்டோட நின்னாரு.

மேற்க கருத்துச்சு. கருப்புக்கு அடியில புழுதி செவரு மாதிரி எந்திரிச்சுச்சு. மாடக்கண்ணு பாத்தாரு. "ஆவுடே, வீட்டுக்குப் போ!"ன்னு ஒரு சத்தம் குடுத்தாரு. அவ்வளவுதான் நேரம் இருந்துச்சு. புழுதி வந்து மூடிருச்சு.

மாடக்கண்ணு ஊர்க்காரரு. மாட்டுக் கயித்தப் பிடிச்சுக்கிட்டு இருந்த எடத்துல குந்திட்டாரு.

ஆவுடை ஊருக்குப் புதுசு. முந்தானைய போத்திக்கிட்டா. காத்து மேற்க இருந்து வந்துச்சு. முதுகுல வாங்குனா. ஓடுனா. ஊரப் பாத்துத்தான் ஓடுனா, பாவி மக, சரியாத்தான் ஓடுனா.

பாதி வழியில காத்து திரும்புச்சு. அவளும் திரும்புனா.

அவளுக்கு எப்படித் தெரியும்? முதுகுல காத்து இருக்கு, காலு ஓடுது, ஊரு வந்துரும்னு நெனச்சா. நல்ல ஓட்டம். இடி எறங்குது, பளிச்சு பளிச்சுன்னு வெட்டுது, அவ ஓடுறா. ஊரப் பாத்து இல்ல, கெணத்தப் பாத்து.

இனிமேத்தான் இந்தக் கதையிலயே சொல்ல முடியாத எடம். கெணத்துக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்த மாடக்கண்ணு காதுல கொலுசுச் சத்தம் கேட்டுச்சாம். காத்துக்கு ஊடால, கிலுக் கிலுக்குன்னு, தன்னயப் பாத்து வருதாம். புள்ள பயந்து போயி நம்மளத் தேடி வர்றான்னு நெனச்சாராம். சந்தோசப்பட்டாராம் தம்பி. இவ்வளவு பெரிய காத்துல என்னயத் தேடி ஒருத்தி வர்றாளேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு, பேசாம உக்காந்திருந்தாராம்.

கொலுசுச் சத்தம் நின்னு போச்சு.

காத்து அடங்குன பெறகு எந்திரிச்சு, "ஆவுடே, வா, போச்சு காத்து, வீட்டுக்குப் போவம்"னு கூப்பிட்டாராம். கூப்பிட்டாரு, கூப்பிட்டாரு. அடுத்த ஊர்க்காரன் திரும்பிப் பாக்குற குரல்ல கூப்பிட்டாரு. அவ வரவே இல்ல.

'வராத'ன்னு ஒரு வார்த்த. அந்த ஒரு வார்த்த அன்னைக்கு அவரு வாயில வந்திருந்தா அவ நின்னிருப்பா. அது வரல. அதுக்கப்புறம் அந்த மனுசன் வாயில அது ஒண்ணுதான் வந்துச்சு.

நீ கேப்ப, கெணத்தச் சுத்தி ஒரு செவரு வச்சாத் தீந்துச்சுல்லன்னு. கேளு, கேளு, எல்லாரும் கேப்பாக. வச்சாரு. கரிச மண்ணக் கொழச்சு, அவரே வச்சாரு. ஐப்பசி மழையில ஊறி, கார்த்திகையில கரைஞ்சு கெணத்துக்குள்ளயே விழுந்துருச்சு. கரிச மண்ணு செவரு எங்கனயாவது நின்னுருக்கா? மறு வருசம் முள்ளு வெட்டி வேலி போட்டாரு. சித்திரக் காத்து அந்த வேலிய முழுசாத் தூக்கிட்டுப் போயி பெரியவீட்டுக் கூரை மேல வச்சுட்டுப் போச்சு. அதுக்கு வேற சண்ட. சரி, கல்லுச் செவரு வைப்போம்னா, கல்லுக்கு வண்டி கட்டி அம்புட்டுத் தூரம் போகணும். கெணறோ பங்காளிக எல்லாருக்கும் பொதுக் கெணறு. "எறைக்கிற பக்கம் தெறந்துதான இருக்கணும், அப்புறம் எதுக்குச் செவரு"ன்னான் ஒருத்தன். "அவரு பொண்டாட்டி விழுந்ததுக்கு நாங்க ஏன் கல்லு சுமக்கணும்"னான் ஒருத்தன். எங்க வீட்டுக்காரரு வம்சந்தான், சொல்றதுக்கென்ன, அப்பப் பேசுன வாயி இப்பவும் அப்படியே இருக்கு.

செவரு நிக்கல. வேலி நிக்கல. அதனால மாடக்கண்ணு நின்னாரு.

சித்திரை வைகாசியில மேற்க கருத்தாப் போதுமாம். ஆடு மாடு, பொம்பள, புள்ளைக, எல்லாம் ஊரப் பாத்து ஓடும். ஊரு வீட்டுக்கு ஓடும், மாடக்கண்ணு காட்டுக்கு ஓடுவாரு. எதுத்தாப்புல ஓடி வர்ற சனத்த வெலக்கிக்கிட்டு அவரு ஒருத்தரு மட்டும் மேற்க பாத்து ஓடுவாரு. கெணத்து விளிம்புல, ஆவுடை விழுந்த பக்கத்துல, கெணத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நிப்பாரு. புழுதி வந்து மூடும். அதுக்குள்ள இருந்து அந்தக் குரலு வருமாம். "வராத! வராத! வராத!" காத்து அடங்குற வரைக்கும் நிக்காதாம் அந்தச் சத்தம்.

எத்தன உசுரு தப்பிச்சுச்சோ, யாரு கணக்கு வச்சா? குந்தத் தெரியாத புள்ளைக இருக்கும். வழி தப்புன உப்பு யாவாரி இருப்பான். மெரண்டு ஓடுற கன்னுக்குட்டி இருக்கும். அந்தச் சத்தத்தக் கேட்டா நின்னுரும். மூக்கம்மான்னு ஒருத்தி, கைப்புள்ளையோட அவரு கையிலயே வந்து முட்டினாளாம். அவளப் பிடிச்சு உக்கார வச்சுட்டு மறுபடியும் கத்தப் போயிட்டாராம்.

காத்து அடங்கும். மழை கொட்டும், சில நேரம் ஆலங்கட்டி விழுகும். அப்புறம் அதுவும் நிக்கும். குந்தியிருந்தவுக எல்லாம் எந்திரிச்சு, ஒருத்தர ஒருத்தர் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவாக. "ஏ பேச்சி, இருக்கியா, வாடி." "அண்ணாச்சி, வாங்க போவம்." இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லாரும் சேந்து போயிருவாக. மாடக்கண்ணு மட்டும் கெணத்துகிட்ட இருந்து கடைசியா, ஈர வேட்டியப் பிழிஞ்சுக்கிட்டு, தனியா நடந்து வருவாராம். அவர யாரும் கூப்பிட்டதில்ல. வேணும்னு இல்ல. நாள் பூரா 'வராத'ன்னு கத்துன மனுசன 'வா'ன்னு கூப்பிடணும்னு யாருக்கும் தோணல.

கேக்கவே கஷ்டமா இருக்குல்ல? இன்னும் இருக்கு.

வருசம் போகப் போக ஊர்ல ஒரு பேச்சுக் கெளம்புச்சு. மாடக்கண்ணு ஓடுறாரு, காத்து வருது. மாடக்கண்ணு ஓடுறாரு, காத்து வருது. யாரோ ஒரு புத்திசாலி அதத் திருப்பிப் போட்டுட்டான். அவரு ஓடுறதுனாலதான் காத்து வருதுன்னுட்டான்! அவருக்கு மேகத்தப் பாக்கத் தெரியும், அதனால முன்னாடி ஓடுறாருன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாயி வரல. கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுறத நிறுத்துனாக. அவரு தெருவுல வந்தா வத்தலக் காயப் போட்டவ சாக்க எடுத்து மூடுனா. ஒரு வருசம் பேய்க்காத்து அடிச்சுச்சாம். கூரையெல்லாம் போச்சு, கோயில் தகரக்கொட்டாய் போச்சு. ஊருக் கூட்டம் போட்டு அவர நடுவுல நிக்க வச்சாக.

நாட்டாமை சொன்னாராம், "மாடக்கண்ணு, இனிமே நீ ஓடக்கூடாது. நீ ஓடாட்டா அது வராது."

மாடக்கண்ணு கேட்டாராம், "நான் ஓடாட்டா அது வராதா?"

"வராது."

"அப்படின்னா ஓடல. எனக்கும் அதான வேணும்."

கேட்டியா? எனக்கும் அதான வேணும்னாராம். மறு சித்திரையில மேற்க கருத்துச்சு. மாடக்கண்ணு வீட்டுக்குள்ள வாசக்காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காத்து வந்துச்சு. எப்பவும் வர்ற மாதிரியே வந்துச்சு. காட்டுல கெடை போட்டிருந்த கோனாரு ஆடுக மெரண்டு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணா அந்தக் கெணத்துல விழுந்துச்சு. ரொம்ப நேரம் கத்துச்சாம். ஊருக்கே கேட்டுச்சாம்.

அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தெறக்கல. தப்புப் பண்ணிட்டோம்னும் சொல்லல, இனிமே நீ ஓடுன்னும் சொல்லல. அடுத்த மேகம் கெளம்புனப்ப அவரு ஓடுனாரு, யாரும் தடுக்கல. அவ்வளவுதான் இந்த ஊரு கேட்ட மன்னிப்பு.

அந்தா, தகரம் படபடங்குது பாரு. பயப்படாத, கொக்கி போட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம்.

அவருகிட்ட இன்னொரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் புதுசா மருமக வந்தாலும், கல்யாணத்துக்குத்தான் கூப்பிடலியே, மறுநா காலையில தெரு முக்குல வந்து நிப்பாராம். வீட்டுப் படி ஏற மாட்டாரு. அங்கன இருந்தே சத்தமாச் சொல்லுவாராம். "தாயி, ஆடிக் காத்து வேற, சித்திரக் காத்து வேற. சித்திரக் காத்துல ஓடாத. இருந்த எடத்துல குந்து." சொல்லிட்டுப் போயிருவாரு. உள்ள இருந்து மாமியாக்காரி, "அது ஒரு மாதிரி ஆளு, நீ போயித் தலையக் காட்டாத"ம்பா.

அப்படி ஒரு வருசம் வந்த மருமக பேரு இசக்கி. அவளும் ஆத்துக்கரைதான். மாடக்கண்ணோட தம்பி மகனக் கட்டிக்கிட்டு வந்தவ. எங்க மாமனாரோட அப்பாவப் பெத்த மகராசி. வாயி ஜாஸ்தியாம். மாமியா சொன்னா அடங்குற சாதி இல்ல. தெரு முக்குல நின்னு கத்திட்டுத் திரும்புன மனுசனப் பின்னாடியே போயி நிறுத்திட்டா.

"மாமா, நில்லுங்க. எதுக்குக் குந்தணும்? வெவரமாச் சொல்லுங்க."

அத்தன வருசத்துல யாரும் அவர வெவரம் கேட்டதில்ல. ஆவுடை கதையச் சொன்னாராம். கொலுசுச் சத்தத்தச் சொன்னாராம். இந்தக் கத நமக்கு இருக்குன்னா அது இசக்கி கேட்டதுனால இருக்கு. எல்லாம் கேட்டுட்டு அவ இன்னொண்ணும் கேட்டாளாம்.

"காத்து நின்ன பெறகு உங்கள யாரு மாமா கூப்பிடுவா?"

"என்னய எதுக்குக் கூப்பிடணும்? எனக்கு வழி தெரியும்ல."

"வழி தெரியாதவுகளையா கூப்பிடுறாக எல்லாரையும்?"

அவரு சிரிச்ச மாதிரி இருந்துச்சாம், அழுத மாதிரியும் இருந்துச்சாம்.

அப்ப அவருக்கு வயசாயிருச்சு. அந்தச் சித்திரையில மேற்க கருத்தப்ப ஓட முடியல, நடந்துதான் போனாரு. எதுத்தாப்புல ஊரு ஓடி வருது, இவரு கம்ப ஊனிக்கிட்டு மேற்க போறாரு. கெணத்துகிட்டப் போயிப் பாத்தாரு. இந்தக் காலு காத்துல நிக்காதுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. கமலைக் கல்லு உண்டுல்ல, மாடு கட்டித் தண்ணி எறைக்கிற கல்லுத்தூணு, அதுல சாஞ்சு நின்னு, எறைக்கிற வடக்கயித்தால தன்னத்தானே தூணோட சேத்துக் கட்டிக்கிட்டாராம். கட்டி முடிச்சு ரெண்டு கையையும் விரிச்சாரு. புழுதி வந்துருச்சு.

இசக்கி அன்னைக்குக் காட்டுல மாட்டிக்கிட்டா. கூட நெறைய பொம்பளைக. எல்லாம் வெளியூர்ல இருந்து மொளகாப் பழம் பறிக்க வந்ததுக. இசக்கி குந்திட்டா. அவரு சொன்ன மாதிரி குந்திட்டா. காத்துக்குள்ள இருந்து அந்தக் குரலு வந்துச்சு. "வராத! வராத!" பொம்பளைக எல்லாம் அதக் கேட்டு உக்காந்துச்சுக. வானம் வெடிக்குது. கண்ணு முன்னாடி கைய வச்சாக் கை தெரியல. அந்தக் குரலு மட்டும் வருது. "வராத... வராத..."

அப்புறம் அது வரல.

சத்தம் நின்னதும் பொம்பளைகளுக்குப் பயம் வந்துருச்சு. ஒருத்தி எந்திரிச்சா. "ஓடிருவோம்டி"ன்னா. இன்னொருத்தி எந்திரிச்சா. சேலை படபடன்னு அடிக்கிறது இசக்கி காதுல விழுகுது. கெணறு எந்தப் பக்கம்னு அவளுக்கும் தெரியாது. எவ எந்தப் பக்கம் ஓடுவான்னு தெரியாது. என்ன செய்வா? வாயத் தெறந்தா. வாயெல்லாம் மண்ணு.

"வராத!"

அவருக்கு இருந்த குரல்ல கால்வாசி இருக்காது. பொம்பளக் குரலு, அதுவும் அழுற குரலு. "வராத! குந்துங்கடி! வராத!" பக்கத்துல இருந்தவ அதக் கேட்டா. அவளும் கத்துனா. அங்கிட்டு ஒருத்தன் மாட்டோட குந்தியிருந்தான், அவனும் கத்துனான். அவனுக்கு அங்கிட்டு ஒருத்தன். காட்டுல எங்கெங்க ஆள் மாட்டியிருந்துச்சோ அங்கெல்லாம் இருந்து அந்தச் சத்தம் கெளம்புச்சாம். அத்தன வருசமா ஒத்தக் குரல்ல கேட்டத அன்னைக்குத்தான் ஊருக் குரல்ல கேட்டாகளாம். எந்திரிச்சவளுக எல்லாம் குந்துனாளுக. ஒரு உசுருக்குச் சேதாரம் இல்ல.

காத்து அடங்குச்சு. சொட்டுச் சொட்டா ஆரம்பிச்சு மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் எந்திரிச்சு எப்பவும் போல ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்கிட்டு ஊரப் பாத்து நடந்தாக. இசக்கி மட்டும் கெணத்தப் பாத்து நடந்தா.

தூணுல கட்டுன மேனிக்கு நிக்கிறாரு. தல தொங்கிருச்சு. கை விரிச்சபடியே இருக்கு. வாயி அந்த வார்த்தையச் சொல்ற மாதிரியே தெறந்திருக்கு, உள்ள மழத்தண்ணி விழுகுது.

இசக்கி கிட்டக்கப் போயி, முந்தானையால அவரு மூஞ்சியத் தொடச்சுவிட்டு, கூப்பிட்டாளாம்.

"மாமா, காத்து நின்னு போச்சு. வாங்க, வீட்டுக்குப் போவம்."

கேட்டுச்சோ கேக்கலியோ. எங்க மாமனாரு சொல்லுவாக, அவரு உசுரு போயி ரொம்ப நேரம் ஆயிருக்கும், கெழவனுக்கு எங்கிட்டுக் கேட்டுச்சும்பாக. எங்க அத்தை அப்படிச் சொல்ல மாட்டாக. தலையக் கொஞ்சம் நிமுத்தி அவளப் பாத்துட்டுத்தான் கண்ண மூடுனாருன்னு சொல்லுவாக. எனக்கு எங்க அத்தை சொன்னதுதான் புடிக்கும். மாமனாரு நல்ல மனுசருதான், ஆனா அவரு இந்த ஊர்ல பொறந்தவரு. வாக்கப்பட்டு வந்தவளுக்குத்தான் இது தெரியும்.

அவரு பேரு பெறகு யாரு வாயிலயும் மாடக்கண்ணுன்னு நிக்கல. வராதய்யான்னு ஆயிப்போச்சு. கெணறு வராதய்யா கெணறு. அந்தத் தூணு வராதய்யா கல்லு. அவரு செத்த பெறகு பங்காளிக எல்லாரும் சேந்து, தூரத்துல இருந்து வண்டி வண்டியாக் கல்லு கொண்டாந்து செவரு வச்சாக. இப்ப சிமிட்டியும் பூசியாச்சு, மோட்டாரும் வச்சாச்சு. எவனும் விழ முடியாது. ஆனாலும் சித்திரக் காத்து வந்தா யாரு எங்க இருக்காகளோ அங்கனயே இருந்து கத்துவோம். வேற ஊர்ல இடி இடிச்சா சாமி பேரச் சொல்லுவாக. நாங்க இதச் சொல்லுவோம். நீ செவத்துல முட்டி மண்டைய ஒடச்சுக்கிறாம வந்து சேந்ததும் அதனாலதான்.

இன்னொண்ணு கவனிச்சுக்கோ. காத்தடிக்காத நாள்ல இந்த ஊர்ல யாரும் அந்த வார்த்தையச் சொல்ல மாட்டோம். கடங்காரன் வந்தாலும் "அப்புறமா வாப்பா"ம்போம். பேச்சு வார்த்த இல்லாத கொழுந்தன் வாசல்ல வந்து நின்னாலும் மூஞ்சிய வேணாத் திருப்பிக்கிருவோம், வராதன்னு சொல்றதில்ல. அந்த வார்த்த அவரோடது. அவரு ஒருத்தருதான் அத அன்பாச் சொன்னாரு.

அந்தா, அடங்கிருச்சு. தகரத்துல மழைச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. கதவத் தெற தம்பி. மண்ணு மணக்குது பாரு.

கொஞ்சம் இரு, அந்தச் சொம்ப எடு. கம்பங்கஞ்சி, மோர் ஊத்திக் கரைச்சது. காத்து நின்னதும் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ யாராச்சும் ஒருத்தி கல்லுகிட்டப் போகணும், அது ஒரு மொற. எவ கிட்டக்க இருக்காளோ அவ போவா. இன்னைக்கு நான்தான் கிட்டக்க. சாக்கத் தலையில போட்டுக்கிட்டு நீயும் வா, லாரி எங்கயும் போயிராது. பாத்துக் காலு வையி, வழுக்கும். அந்தா நிக்குது பாரு, வெள்ளையடிச்ச தூணு, இடுப்புல கயிறு சுத்தியிருக்கு. நீ மொதல்ல ஓடுன பக்கம் அதான்.

நீங்க எல்லாரும் கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்கப்பா.

மாமா! காத்து நின்னு போச்சு மாமா! வாங்க, வீட்டுக்குப் போவம்!